அரித்மெடிக்: எண்ணும் கலை – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, 'அரித்மெடிக் என்ற சொல்லுக்குக் கூட்டல், கழித்தல் என்று அர்த்தமே கிடையாது' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. 31 வருடம் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள் நான். பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் தேடித்தான் இந்தச் சொற்களின் பின்னால் போகத் தொடங்கினேன். அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஒரு சொல்லுக்கே.

கேள்வி: கூட்டல் கழித்தல் இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு வேறு என்னதான் அர்த்தம்? அது எந்த மொழிச் சொல்?

அது கிரேக்கச் சொல். 'அரித்மோஸ்' என்றால் எண், எண்ணிக்கை. அதற்குரிய கலையை 'அரித்மேத்திகே தெக்னே' என்றார்கள். தெக்னே என்பது கலை, கைத்திறன். நாளடைவில் 'தெக்னே' உதிர்ந்துபோய், முன்னால் இருந்த அடைமொழி மட்டும் பெயராக நின்றுவிட்டது. மியூசிக், லாஜிக் போன்ற சொற்களும் இப்படிப் பிறந்தவைதான். ஆகவே நேர்ப்பொருள் 'எண்ணும் கலை'.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரேக்கர்களின் அரித்மோஸ் நாம் இன்று எண் என்று சொல்வதைவிடச் சின்னது. அது எதையாவது எண்ணி வந்த தொகை. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிய 'எலிமென்ட்ஸ்' நூலின் ஏழாம் புத்தகம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது: அலகு என்பது ஒவ்வொரு பொருளும் எதனால் 'ஒன்று' எனப்படுகிறதோ அது, எண் என்பது அலகுகள் சேர்ந்த கூட்டம். அப்படியானால் ஒன்று? அது அலகு, கூட்டம் இல்லை. அதனால் எண்ணும் இல்லை. எண்கள் இரண்டிலிருந்துதான் தொடங்கின.

இதை வகுப்பில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மேசைமேல் ஒரே ஒரு சாக்பீஸை வைத்து, "இதை எண்ணிச் சொல்லுங்கள்" என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து, "டீச்சர், இதில எண்ண என்ன இருக்கு? பார்த்தாலே தெரியுதே" என்றாள். யூக்ளிட் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். ஒன்றை யாரும் எண்ணுவதில்லை. ஒன்றைக் கொண்டுதான் மற்றவற்றை எண்ணுகிறோம்.

இந்தக் கருத்து ஐரோப்பாவில் வெகுகாலம் நின்றது. 1585-இல் சைமன் ஸ்டெவின் என்ற பிளெமிஷ் கணித அறிஞர் அதை எதிர்த்து வாதாடினார். அவர் வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றிலிருந்து எந்த எண்ணையும் கழிக்காவிட்டால் மூன்று அப்படியே இருக்க வேண்டும். ஒன்று எண் இல்லையென்றால், மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் மூன்றேதான் மிஞ்ச வேண்டும். மிஞ்சுவது இரண்டு. ஆகவே ஒன்றும் எண்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டாலும் புரிகிற வாதம் இது.

கேள்வி: அப்படியானால் நாம் பள்ளியில் போடும் கூட்டல் பெருக்கலுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள்?

'லொகிஸ்திகே'. கணக்கிடுதல் என்று பொருள். பிளேட்டோ இரண்டையும் தனித்தனியாகவே பேசுகிறார். ஒற்றை, இரட்டை என்று எண்களின் இயல்பை ஆராய்வது அரித்மேத்திகே. கணக்குப் போடுவது லொகிஸ்திகே. கி.பி. 500-ஐ ஒட்டி போயத்தியஸ் என்ற ரோமானிய அறிஞர் லத்தீனில் எழுதிய அரித்மேத்திகா நூலைத் திறந்தால் நமக்குத் தெரிந்த பெருக்கல் முறை எதுவும் இருக்காது. ஒற்றை, இரட்டை, பகா எண்கள், விகிதங்கள், 6-ஐயும் 28-ஐயும் போல, தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தன்னையே தருகிற நிறைவெண்கள் — இவைதான் இருக்கும். இடைக்கால மாணவன் வடிவியல், இசை, வானியல் மூன்றோடு சேர்த்துப் படித்த அரித்மேத்திகா இதுதான்.

வரவு செலவு பார்க்க வேண்டியவர்கள் வேறு இடத்தில், வேறு பெயரில் கற்றார்கள். இத்தாலியில் அதற்கு 'அப்பாக்கோ' என்று பெயர். நமக்குக் கிடைத்திருக்கிற அச்சான கணக்குப் புத்தகங்களில் மிகப் பழையது 1478-இல் இத்தாலியின் திரெவீசோ நகரில் வந்தது. அதில்கூட 'அப்பாக்கோ கலை' என்றுதான் போட்டிருக்கிறது. பிறகு 16-ஆம் நூற்றாண்டில், இந்திய எண்குறிகளை வைத்துத் தாளில் கணக்குப் போடும் வழக்கம் பரவியபோது, கற்றவர்களின் சொல்லான அரித்மெடிக் கணக்குப் போடுகிறவர்களின் சொல்லாகவும் மாறியது. சம அடையாளத்தை 1557-இல் அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்ட், அதற்கு முன்பே ஆங்கிலத்தில் அரித்மெடிக் பாடநூல் எழுதிவிட்டார். அதில் இருப்பது நம் கூட்டலும் பெருக்கலும்தான்.

கேள்வி: 'அறி', 'மதி' என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் சேர்ந்துதான் 'அரித்மெடிக்' ஆனது என்று ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். இது சரியா?

சரியில்லை. ஏன் என்று பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறு நம்முடையது மட்டும் இல்லை.

ஒரு சொல்லின் வேரைத் தேடும்போது இன்றைய உச்சரிப்பை வெட்டக் கூடாது. கிடைப்பதிலேயே பழைய வடிவத்துக்குப் போக வேண்டும். இங்கே பழைய வடிவம் அரித்மோஸ். அதில் 'ம்' முதல் துண்டோடு ஒட்டியது. 'மெடிக்' என்று தனியாக ஒரு துண்டு அந்தச் சொல்லில் கிடையவே கிடையாது. வெட்டுகிற இடம் தவறினால் வேரும் தவறிவிடும். அடுத்தது, சொல்லின் உறவினர்கள். பழைய ஐரிஷ் மொழியில் 'ரீம்' என்றால் எண். பழைய ஆங்கிலத்திலும் 'ரீம்' என்றால் எண். வெல்ஷ் மொழியில் எண்ணுக்கு 'ரிவ்'. அரித்மோஸை இவற்றோடு சேர்த்து, கணக்கிடுதல், யோசித்துச் சீர்தூக்குதல் என்ற பொருளுடைய ஒரே வேருக்கு மொழியியலார் கொண்டுபோகிறார்கள். ஓர் ஒலி ஒற்றுமையைவிட இந்தக் குடும்பம் பலமான சாட்சி.

இப்போது ஐரோப்பியர்கள் செய்ததைக் கேளுங்கள். கிரேக்கச் சொல் லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போனபோது 'த்' தேய்ந்து 'ஸ்' ஆனது: அரிஸ்மெதிக். அது ஆங்கிலத்துக்கு வந்ததும், லத்தீன் தெரிந்தவர்கள் காதில் 'ஆர்ஸ்', 'மெத்ரிக்கா' என்று இரண்டு சொல்லாக விழுந்தது. ஆர்ஸ் என்றால் கலை. மெத்ரிக்கா என்றால் அளவு சார்ந்தது. ஆஹா, 'அளக்கும் கலை'! பொருளும் பொருந்தியது போலவே இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கவிதையில் அதை 'ஆர்ஸ்-மெத்ரிக்' என்றே எழுதியிருக்கிறார். கிரேக்க நூல்களை மூலத்தில் படிக்கத் தொடங்கிய பிறகு, 16-ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தைத் திருத்தி, போன 'த்'-ஐத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு 'அறிமதி' அனுப்பிய நண்பரும் அந்தப் பழைய ஆங்கிலேயர்களும் செய்தது ஒரே வேலை: தெரியாத சொல்லுக்குள் தெரிந்த சொல்லைத் தேடினார்கள். தேடட்டும், அது நல்ல பழக்கம். தேடியதைச் சரிபார்க்கவும் வேண்டும்.

கேள்வி: அரித்மெடிக், அல்காரிதம், லாகரிதம் — மூன்றிலும் 'ரிதம்' இருக்கிறதே, தாளத்துக்கும் கணக்குக்கும் உள்ள தொடர்பா?

நானும் பல வருடம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஒருநாள் பெரிய அகராதியைப் பிரித்துப் பார்த்தபோது தவறு தெரிந்தது. மறுநாளே வகுப்பில் திருத்திச் சொன்னேன். தாளம் என்ற பொருளில் வரும் ரிதம், கிரேக்க 'ருத்மோஸ்'. அதைப் 'பாய்தல்' என்ற வினையோடு சேர்ப்பார்கள். அது வேறு குடும்பம்.

லாகரிதம் அரித்மோஸின் சொந்தப் பிள்ளை. ஜான் நேப்பியர் 1614-இல் வெளியிட்ட நூலில், விகிதத்தைக் குறிக்கும் 'லோகோஸ்' என்ற சொல்லையும் அரித்மோஸையும் கோத்து அந்தப் பெயரை உண்டாக்கினார்.

அல்காரிதம் வளர்ப்புப் பிள்ளை. அது ஒரு மனிதரின் பெயர்: 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி. ஏரல் கடலுக்குத் தெற்கே உள்ள குவாரிஸம் என்ற பகுதியை வைத்து வந்த பெயர். இந்திய எண்குறிகளால் கணக்கிடுவது எப்படி என்று அவர் எழுதிய நூலின் அரபு மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. லத்தீன் மொழிபெயர்ப்புதான் இருக்கிறது. அவர் பெயர் லத்தீனில் 'அல்கோரிஸ்மி' ஆகி, அந்த முறைக்கே 'அல்கோரிஸம்' என்று பெயர் வந்தது. பின்னால் வந்தவர்கள் அரித்மோஸின் நினைப்பில் 'ஸ்' இருந்த இடத்தில் 'த்' போட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் லாகரிதம், அல்காரிதம் இரண்டையும் எழுதிப் பாருங்கள். அதே ஒன்பது எழுத்துகள், இடம் மட்டும் மாறியிருக்கும்.

கேள்வி: ஆங்கிலத்தில் 'மேத்தமேடிக்ஸ்' என்பதற்குக் கடைசியில் 'ஸ்' இருக்கிறது. அரித்மெடிக்குக்கு ஏன் இல்லை?

வந்த காலம்தான் காரணம். மியூசிக், லாஜிக், அரித்மெடிக் எல்லாம் இடைக்காலத்திலேயே பிரெஞ்சு வழியாக ஒருமையில் வந்து குடியேறியவை. மேத்தமேடிக்ஸ், பிசிக்ஸ் போன்றவை கிரேக்கப் பன்மையைப் பார்த்துப் பிற்பாடு அமைந்தவை.

கேள்வி: தமிழில் எண்கணிதம் என்கிறோம். கணிதம் என்றாலே எண்தானே, 'எண்' எதற்குத் தனியாக?

கூர்மையான கேள்வி. கணிதம் வடசொல், 'எண்ணப்பட்டது' என்பது அதன் நேர்ப்பொருள். ஆகவே எண்கணிதம் என்று சொல்லும்போது, எண்ணுதலை இரண்டு மொழியில் இரண்டு முறை சொல்கிறோம். ஆனால் கணிதம் இன்று வடிவியல், இயற்கணிதம் எல்லாவற்றையும் அடக்கும் பெரிய குடையாகிவிட்டது. அதில் எண்ணுக்கு உரிய பகுதியைப் பிரித்துக் காட்ட 'எண்' தேவைப்படுகிறது. எனக்கு அந்தக் கூட்டுச்சொல்லில் குறையே தெரியவில்லை.

எனக்கு இன்னும் பெரிய வியப்பு 'எண்' என்ற அந்தச் சின்னச் சொல்தான். 'எண்ணித் துணிக கருமம்' என்கிற குறளில் எண்ணுதல் என்றால் யோசித்தல். அதே திருவள்ளுவர் துறந்தார் பெருமையைச் சொல்லும்போது, 'இறந்தாரை எண்ணிக்கொண்டற்று' என்கிறார்; அங்கே எண்ணுதல் என்றால் ஒன்று, இரண்டு என்று எண்ணுதல். ஒரே வினை, இரண்டு வேலை. நாம் 'எண்ணம்' என்றால் நினைப்பு. மலையாளத்தில் எண்ணம் என்றால் எண்ணிக்கை. அரித்மோஸின் வேருக்கும் கணக்கிடுதல், சீர்தூக்குதல் என்று இரண்டு முகம் இருப்பதை மேலே சொன்னேன். இதை வைத்துத் தமிழும் கிரேக்கமும் உறவு என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். சொற்கள் வேறு, குடும்பங்கள் வேறு. எண்ணுகிறபோது மனம் செய்கிற வேலை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

எண்ணுவதும் சொல்வதும்கூட இப்படித்தான் ஒட்டிக்கொள்கின்றன. ஜெர்மனில் 'ட்ஸேலன்' என்றால் எண்ணுவது. 'எர்ட்ஸேலன்' என்றால் கதை சொல்வது. பிரெஞ்சில் எண்ணுவதற்கும் கதை சொல்வதற்கும் உள்ள இரண்டு வினைகளும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிரிந்தவை, உச்சரிப்பும் ஒன்றேதான். தமிழிலோ எழுத்துகளின் வரிசைக்கே நெடுங்கணக்கு என்று பெயர். கணக்காயர் என்றால் பழைய தமிழில் ஆசிரியர். நக்கீரனாரின் தந்தையை மதுரைக் கணக்காயனார் என்கிறோம். கணக்கு டீச்சர் என்று என்னை அழைத்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்ன நாளில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

கேள்வி: ஆங்கிலத்தில் 'அரித்மெடிக் மீன்' என்பதைத் தமிழில் கூட்டுச் சராசரி என்கிறார்கள். அரித்மெடிக்கில் கூட்டல் இல்லை என்று நீங்கள் சொன்னீர்களே, பிறகு 'கூட்டு' எங்கிருந்து வந்தது?

நம் கலைச்சொல்லை ஆக்கியவர்கள் பெயரை மொழிபெயர்க்கவில்லை, செய்முறையை மொழிபெயர்த்தார்கள். நல்ல முடிவு. கூட்டி, வகுத்து எடுக்கிற சராசரி. பெருக்கி, மூலம் எடுக்கிற சராசரி. மாணவனுக்குக் கூட்டு, பெருக்கு என்று சொன்னால் உடனே கை ஓடும். அதற்கு விலையாக, பழைய பெயருக்குள் இருந்த காட்சி மறைந்துபோனது.

அந்தக் காட்சி இது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், பிளேட்டோவுக்குத் தெரிந்தவரான ஆர்க்கிதாஸ் என்பவர் இசையில் மூன்று சராசரிகள் உண்டு என்று எழுதினார். 6, 9, 12 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆறிலிருந்து ஒன்பதுக்கு மூன்று. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்கும் மூன்று. எண்ணிக்கொண்டே போனால் 9 சரியாக நடுவில் நிற்கும். எண்ணினால் கிடைக்கிற நடு என்பதால் அது 'எண்' சராசரி. அடுத்து 4, 6, 9. இங்கே எண்ணிப் பார்த்தால் 6 நடுவில் இல்லை. ஆனால் 4 அகலம், 9 நீளம் உள்ள செவ்வகத்தை வரையுங்கள், பரப்பு 36. அதே பரப்புள்ள சதுரம் வேண்டுமென்றால் பக்கம் 6. வரைந்தால் கிடைக்கிற நடு என்பதால் அது 'வடிவியல்' சராசரி. மூன்றாவது இசைச் சராசரி. 6-க்கும் 12-க்கும் அது 8. இது இசைக்கருவியின் தந்தி நீளங்களோடு சேர்ந்த செய்தி. தனியாக எழுத வேண்டும்.

கட்டம்போட்ட தாளில் இதை ஒரு முறை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். நான்குக்கு ஒன்பது என்று 36 கட்டங்களை வெட்டி, அவற்றையே ஆறுக்கு ஆறாக அடுக்கி முடிக்கும்போது ஒரு கட்டம்கூட மிச்சமிருக்காது. சூத்திரத்தை மறந்தவர்கள்கூட இதை மறக்கமாட்டார்கள்.

கேள்வி: என் மகள் 'அரித்மெடிக் ஜியாமெட்ரி' என்ற துறையில் ஆராய்ச்சி செய்கிறாள். உறவினர்கள் "அரித்மெடிக்கில் போய் ஆராய்ச்சியா, அது சின்னப் பிள்ளைப் பாடமாச்சே?" என்கிறார்கள். என்ன சொல்ல?

அம்மா, உங்கள் மகள்தான் அந்தச் சொல்லைப் பழைய பொருளில் பயன்படுத்துகிறாள் என்று சொல்லுங்கள். முழு எண்களின் இயல்பை ஆராய்வதுதான் முதலிலிருந்தே அரித்மெடிக். கணித ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பொருளை விடவே இல்லை. ஜெர்மன் கணித அறிஞர் காவுஸ் 1801-இல், 24 வயதில் வெளியிட்ட பெரும் நூலின் தலைப்பே 'அரித்மெடிக் ஆய்வுகள்'. எண்ணவும் கணக்கிடவும் கற்றுத்தருவதை அடிப்படை அரித்மெடிக் என்றும், முழு எண்களின் ஆழமான இயல்புகளை உயர் அரித்மெடிக் என்றும் முன்னுரையிலேயே அவர் பிரித்துவிட்டார். ஹார்டி, ரைட் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1938-இல் எழுதிய எண் கோட்பாட்டு நூலுக்கு 'அரித்மெடிக்குக்கு ஓர் அறிமுகம்' என்று பெயர் வைக்கத்தான் ஒரு கட்டத்தில் எண்ணினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாசகர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று பிறர் சொன்னதால் விட்டுவிட்டார்கள். உங்கள் உறவினர்கள் கேட்ட அதே சந்தேகம்தான். மகளுக்கு என் வாழ்த்துகள்.

கேள்வி: அரித்மோஸ் என்ற சொல் பழைய இலக்கியத்தில் எங்காவது வருகிறதா? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

ஹோமரின் ஒடிஸியிலேயே வருகிறது, அதன் நான்காம் பகுதியில். புரோட்டியஸ் என்ற கடற்கிழவன் நடுப்பகலில் கரையேறுகிறான். அவனைச் சுற்றிக் கடல்நாய்கள் கூட்டமாக வந்து படுக்கின்றன. ஆட்டு மந்தைக்கு நடுவே இடையன் படுப்பதுபோல அவனும் படுக்க வேண்டும். அதற்கு முன் அவற்றை எண்ணுகிறான். 'எண்ணுவான்' என்பதற்கு அங்கே வருவது அரித்மோஸ் குடும்பத்து வினைதான். அடுத்த வரியில் எண்ணுவதற்கே இன்னொரு வினை வருகிறது. அது ஐந்து என்ற எண்ணிலிருந்து பிறந்தது: ஐந்தைந்தாக எண்ணுதல். கை விரல் கணக்கு. கவிஞர் வேறொன்றும் சொல்லாமலே, கிழவன் விரலை மடக்கி மடக்கி எண்ணுவது கண்ணுக்குத் தெரிகிறது.

அன்று அந்த மந்தைக்குள் மெனலாஸ் மன்னனும் அவன் தோழர்கள் மூவரும் கடல்நாய்த் தோலைப் போர்த்திக்கொண்டு ஒளிந்திருந்தார்கள், கிழவனைப் பிடித்து வழி கேட்பதற்காக. கிழவன் எண்ணத் தொடங்கியதே இவர்களிடமிருந்துதான். சூது நடப்பது அவனுக்குத் தெரியவில்லை. எண்ணி முடித்தான்; தானும் படுத்துக்கொண்டான்.

இந்த இடம் வரும்போதெல்லாம் ஆறாம் வகுப்பில் யாராவது ஒருத்தர் கையைத் தூக்கிவிடுவார்கள்: "டீச்சர், நாலைக் கழிக்கணும்!"